மூடிய பள்ளம் ஏன் மீண்டும் வாய் திறக்கிறது?

ஐப்பசி அடைமழை ஓய்ந்த மறுநாள் காலையில் சென்னைத் தெருக்களில் நடந்து செல்பவர்களுக்கு ஒரு காட்சி புதிதல்ல. தெருவின் நெடுகிலும் இரண்டடி அகலத்துக்குத் தரை கோடு கிழித்தாற்போல் உள்வாங்கியிருக்கும். அதில் கலங்கிய தண்ணீர் தேங்கி நிற்கும். பாரம் ஏற்றி வந்த லாரி ஒன்றின் பின்சக்கரம் அதில் இறங்கி, மேலே வர வழியின்றிப் புகை கக்கிக்கொண்டிருக்கும். "கோடையில்தானே குழாய் பதித்து மூடினார்கள்? அப்போது முழங்கால் உயரத்துக்கு மண் மேடாக அல்லவா இருந்தது!" என்று அக்கம்பக்கத்தார் அதிசயிப்பார்கள்.

மேடாக இருந்த மண் எங்கே போயிற்று? அதை யாரும் அள்ளிக்கொண்டு போய்விடவில்லை. மண்ணோடு மண்ணாகக் காற்றையும் சேர்த்துப் புதைத்திருந்தார்கள். மழை வந்தது, காற்று வெளியேறியது, மண் இறங்கிவிட்டது. அவ்வளவுதான் ரகசியம்.

லாரியாவது நாலு பேர் கூடித் தள்ளினால் கரையேறிவிடும். இரவில், தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருப்பது தெரியாமல் வரும் இரு சக்கர வண்டிக்காரரின் கதி என்ன? அவர் சாய்ந்து விழும் இடம் பின்னால் வரும் பஸ்ஸின் பாதையாக இருக்கலாம். பள்ளத்தை ஒழுங்காக மூடுவதும் ஓர் உயிர் காக்கும் வேலைதான் என்பது அப்போது புரியும்.

அந்த வேலையைச் சீக்கிரமாகவும் செம்மையாகவும் செய்ய இன்று அருமையான யந்திரங்கள் வந்திருக்கின்றன. ஆனால் யந்திரம் இருந்தால் மட்டும் போதுமா?

மண்ணுக்குள் காற்று

காலங்காலமாகக் கிடக்கும் பூமியில் மண் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி அடர்ந்திருக்கும். கடப்பாரையோ யந்திரமோ அதைப் பெயர்த்தவுடன் துகள்கள் பிரிந்து, நடுவே காற்று புகுந்துவிடும். ஆகவேதான் நூறு கூடை மண் எடுத்த குழியிலிருந்து வந்த குவியல், அளந்து பார்த்தால் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து கூடை என்று நிற்கும். களிமண்ணாக இருந்தால் இன்னும் கூடும்.

குழாயைப் பதித்துவிட்டு அந்தக் குவியலை அப்படியே குழிக்குள் தள்ளினால், பள்ளம் நிறைந்து மேலே மேடும் நிற்கும். "மழை பெய்தால் தானாக அமர்ந்துவிடும்" என்று சமாதானம் சொல்லிவிட்டு ஆட்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். மண் அமரும் என்பது வாஸ்தவம். எவ்வளவு அமரும், எங்கே அமரும், எப்போது அமரும் என்பதைத்தான் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம், 100 மீட்டர் நீளமுள்ள பள்ளம் 90 கன மீட்டர் மண் கொள்ளும். குழாய் அடைக்கும் இடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. தளர்வாகக் கொட்டிய மண் பத்தில் ஒரு பங்கு இறுகினால் 9 கன மீட்டர் குறைந்துவிடும். தெருவின் மேல் அது 15 சென்டிமீட்டர் ஆழப் பள்ளமாகத் தெரியும். ஒரு ஸ்கூட்டரைக் கவிழ்க்க அதற்குமேல் என்ன வேண்டும்?

மேலே தெரிவது இது. கீழே நடப்பது இன்னும் மோசம். குழாயின் இருபுறமும் மண் இறுகாமல் இருந்தால், மேற்சுமை குழாயை நெளிக்கும், இணைப்புகள் விட்டுக்கொடுக்கும். கசியும் தண்ணீர் சுற்றியுள்ள பொடி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டுபோகும். மேலே தார் ரோடு பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அடியிலோ குகை வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் ரோடு திடீரென்று வாய் பிளக்கும்.

திமிசுக் கட்டையும் ஆட்டுக் குளம்பும்

மண்ணை இறுக்க வேண்டும் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. வீட்டுக்குத் தளம் போடும்போது திமிசுக் கட்டையால் ஓங்கி ஓங்கி இடித்த பிறகே மேற்கொண்டு வேலை நடக்கும். ஏரிக்கரை உயர்த்தும்போது மாடுகளை நடக்க விட்டு மிதிக்கச் செய்வதும் உண்டு. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மண்ணும் அப்படித்தான் நகர்ந்து நகர்ந்து நெருங்கும்.

மாட்டின் பாதம் சிறியது; உடலின் பாரமோ பெரியது. பாரம் முழுவதும் அந்தச் சிறு பாதத்தின் வழியாக இறங்குவதால், குளம்பு மண்ணுக்குள் புதைந்து அடியிலிருந்து பிசைந்துகொண்டு வரும். இதே தத்துவத்தை இரும்பில் வார்த்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் உருளை செய்தார்கள். உருளையைச் சுற்றிலும் ஆட்டின் கால்களைப்போல இரும்புக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு 'ஆட்டுக்கால் உருளை' என்றே பெயர் வந்தது. இன்றைய பள்ளம் அழுத்தும் சக்கரங்களுக்கெல்லாம் மூதாதை அதுதான்.

ஓர் அணை கற்பித்த பாடம்

எவ்வளவு இடித்தால் போதும்? மண்ணில் எவ்வளவு ஈரம் வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வெகு காலம் வரை மேஸ்திரியின் அனுபவம் ஒன்றே பதிலாக இருந்தது. கணக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

1928-ஆம் வருஷம் மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குத் தண்ணீர் தேக்கி வைத்த செயின்ட் பிரான்சிஸ் அணை நள்ளிரவில் உடைந்தது. 400-க்கும் அதிகமானோர் மாண்டனர். அது கான்கிரீட் அணை; உடைந்ததற்குக் காரணம் அதன் அடித்தளம். அந்த நீர்த்தேக்கத்துக்குப் பதிலாகப் பூக்கே பள்ளத்தாக்கில் மண் அணை கட்ட முடிவாயிற்று. அத்தனை பேரைப் பறிகொடுத்த ஊர் மீண்டும் ஓர் அணையை நம்ப வேண்டுமானால், மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் போதாது. அளந்து காட்ட வேண்டும்.

அதை அளக்கும் வழியை வகுத்தவர் அங்கே பணியாற்றிய பொறியியல் நிபுணர் ரால்ஃப் பிராக்டர். 1933-ஆம் வருஷம் அவர் தம் முறையைக் கட்டுரைகளாக வெளியிட்டார். அவர் கண்டுபிடித்த உண்மை மிக எளியது. காய்ந்த மண்ணை எவ்வளவு இடித்தாலும் துகள்கள் ஒன்றையொன்று உரசி முரண்டு பிடிக்கும். சற்றே தண்ணீர் தெளித்தால், வண்டி அச்சுக்கு மை இட்டாற்போல், வழுக்கிக்கொண்டு நெருங்கும். தண்ணீர் அதிகமாகிவிட்டாலோ, துகள்கள் நெருங்க வேண்டிய இடத்தைத் தண்ணீரே அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு மண்ணுக்கும் ஏற்ற ஈரம் ஒன்று உண்டு. அந்த ஈரத்தில் இடித்தால்தான் மண் மிக நன்றாக இறுகும்.

இன்றும் நம் நாட்டுச் சோதனைச் சாலைகளில் இந்த முறைதான் நடக்கிறது. ஒரு லிட்டர் கொள்ளும் இரும்புக் குவளையில் மண்ணை மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் 2.6 கிலோ எடையுள்ள சுத்தியலால் 25 முறை இடிக்கிறார்கள். சுத்தியல் ஒவ்வொரு முறையும் 310 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஈரத்தை மாற்றி மாற்றிச் சோதித்தால், அந்த மண் எட்டக்கூடிய உச்ச அடர்த்தி தெரிந்துவிடும். ரோட்டு வேலைகளில் பெரும்பாலும் அந்த உச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது தேற வேண்டும் என்பார்கள்.

வான்கோழிக் கொட்டகையில் பிறந்த வண்டி

கணக்கு வந்துவிட்டது. குறுகிய பள்ளத்துக்குள் போய் அந்தக் கணக்கைச் செய்து முடிக்க யந்திரம் வேண்டுமே! பெரிய ரோடு ரோலரோ பள்ளத்துக்குள் இறங்காது. இறங்கக்கூடிய யந்திரம் வேறு காரியத்துக்காகப் பிறந்தது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் லூயி கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர்கள் பட்டறை வைத்திருந்தார்கள். அந்த வட்டாரத்தில் வான்கோழி வளர்க்கும் விவசாயி ஒருவர் அவர்களிடம் வந்தார். அவருடைய கொட்டகை இரண்டு அடுக்கு. உள்ளே தூண்கள் நெருக்கமாக நின்றன. மேல்தளம் தாங்கக்கூடிய இலேசான வண்டியாகவும், தூண்களுக்கு நடுவே நின்ற இடத்திலேயே திரும்பக்கூடியதாகவும், எருவை வாரித் தள்ளும் யந்திரம் ஒன்று அவருக்குத் தேவையாக இருந்தது. 1957-இல் சகோதரர்கள் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். மெல்ரோ என்ற கம்பெனி அதை எடுத்துக்கொண்டது; 1960-இல் அது நான்கு சக்கரமாயிற்று. 1962-இல் அதற்கு 'பாப்காட்' என்று ஒரு காட்டுப் பூனையின் பெயரை வைத்தார்கள்.

ஒரு பக்கச் சக்கரங்களை நிறுத்தி மறு பக்கச் சக்கரங்களை ஓட்டினால் வண்டி பம்பரம்போல் சுழலும். முன்னால் உள்ள பக்கெட்டைக் கழற்றிவிட்டு வேறு கருவியை மாட்டிக்கொள்ளலாம். இந்த வசதியே அதைக் கொட்டகையிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தது.

தமிழ்நாட்டுத் தெருக்களில் அதைவிட அதிகமாகப் பழக்கமானது 'ஜே.சி.பி.' முன்னால் வாரும் பக்கெட், பின்னால் தோண்டும் கை என்ற அமைப்பில் பிரிட்டனில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் கம்பெனி 1953-இல் இவ்வகை யந்திரத்தை வெளியிட்டது. 1979-இல் டில்லிக்கு அருகேயுள்ள பல்லப்கரில் உற்பத்தி தொடங்கியது. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டின் பெயரில் உள்ள மூன்று முதலெழுத்துகளும் இன்று குக்கிராமத்துக் குழந்தைகளுக்கும் தெரியும்.

மண்ணுக்கு ஏற்ற கருவி

இந்த லோடர்களில் மாட்டும் அழுத்தும் கருவிகள் முக்கியமாக மூன்று வகை.

முதலாவது, இரும்புக் குமிழ்கள் பதித்த குறுகிய சக்கரம். பின்புறக் கையில் பக்கெட்டுக்குப் பதிலாக இதை மாட்டி, பள்ளத்துக்குள் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டுவார்கள். இது ஆட்டுக்கால் உருளையின் வாரிசு. பிசைந்து இறுக்க வேண்டிய களிமண்ணுக்கு ஏற்றது.

இரண்டாவது, அதிரும் தட்டு. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் மோட்டார், ஒரு பக்கம் கனமான எடையைச் சுழற்றும். அதனால் தட்டு நிமிஷத்துக்குச் சுமார் 2,000 முறை துடிக்கும். அந்தத் துடிப்பில் மணலும் சரளையும் தண்ணீர்போல் அசைந்து இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும். படியில் அரிசியைப் போட்டுக் குலுக்கினால் மட்டம் இறங்குவதைப் பார்க்காதவர் யார்?

மூன்றாவது, லோடரின் முன்கையில் மாட்டும் அதிரும் உருளை. வழவழப்பான உருளையும் உண்டு, குமிழ் வைத்த உருளையும் உண்டு. மேல் அடுக்கை முடிப்பதற்கு இது உதவும்.

எந்த மண்ணுக்கு எது என்பதை அறிவதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. சென்னை நகரம் ஒன்றிலேயே எத்தனை வித்தியாசம்! திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கு. மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர்ப் பக்கங்களில் களிமண். சாந்தோம் மணலில் குமிழ்ச் சக்கரத்தை உருட்டினால் அது மணலைக் கிளறித்தான் விடும். பெரம்பூர்க் களிமண்ணில் அதிரும் தட்டை வைத்தாலோ மேல்தோல் மட்டும் பளபளவென்று இறுகி, அடியில் கட்டி கட்டியாகக் காற்றறைகள் நிற்கும்.

அடுக்கு அடுக்காக

எவ்வளவு நல்ல கருவியானாலும் அதன் பலம் மண்ணுக்குள் குறிப்பிட்ட ஆழம் வரைதான் எட்டும். ஒன்றரை மீட்டர் பள்ளத்தை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டு மேலே நின்று எத்தனை மணி நேரம் உருட்டினாலும், அடிமண் தளர்வாகவே இருக்கும். ஆகவே 15 முதல் 20 சென்டிமீட்டர் கனத்துக்கு மண்ணைப் பரப்ப வேண்டும், அழுத்த வேண்டும், பிறகு அடுத்த அடுக்கு. கனமான சக்கரமானால் அடுக்கைச் சற்றுக் கூட்டலாம்.

குழாயைச் சுற்றி மட்டும் யந்திரத்துக்கு வேலையில்லை. குழாயின் விலாப்புறங்களில் கல் இல்லாத மண்ணையோ மணலையோ இட்டு, கைக்கட்டையால் இதமாக இடிக்க வேண்டும். குழாயின் தலைக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் மண் சேர்ந்த பிறகே கனமான கருவி கிட்டே வரலாம். அவசரப்பட்டால், பாதுகாக்க வந்த சக்கரமே குழாயை உடைத்துவிடும்.

ஈரம் பார்க்கச் சோதனைச் சாலைக்குத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. அனுபவசாலியான ஆபரேட்டர் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்திப் பார்ப்பார். கொழுக்கட்டைபோல் பிடிபட்டு, தட்டினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் பதம் சரி. உதிர்ந்துவிட்டால் தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் ஒட்டிக்கொண்டு ஈரம் கசிந்தால் காய விட வேண்டும்.

வழக்கத்தில் உள்ள சில குறுக்கு வழிகளால் வரும் கேடு கொஞ்சமல்ல. நிரப்பிய மண்ணின் மேல் லோடரின் டயரை நாலு தடவை ஏற்றி இறக்குவது ஒன்று. மேல்தோல் இறுகும், அடிவயிறு காலியாகவே இருக்கும். பக்கெட்டின் முதுகால் ஓங்கி அறைவது மற்றொன்று. மண் இறுகுவதைவிட யந்திரத்தின் மூட்டுகள் தேய்வதே அதிகம். தண்ணீர் லாரியைக் கொண்டுவந்து பள்ளத்தை மூழ்கடிப்பது மூன்றாவது. மணலில் ஓரளவு பலன் தரும் இம்முறை களிமண்ணைச் சேறாக்கிக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

இன்னொரு தவறும் உண்டு. பள்ளத்தின் அகலம் இரண்டடி. உருளையின் அகலம் நான்கடி என்று வைத்துக்கொண்டால், உருளை இரு கரைகளின் மேலும் பாலம்போல் உட்கார்ந்துகொண்டு ஓடும். நடுவிலுள்ள மண்ணின் மேல் அதன் பாரம் விழவே விழாது. பார்ப்பவர்கள் "எவ்வளவு பெரிய யந்திரம்!" என்று வியப்பார்கள். பள்ளமோ மழைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

பள்ளத்துக்குள் நிற்கும் மனிதன்

யந்திரம் செய்யும் உபகாரங்களில் தலையாயது வேகம் அல்ல. பள்ளத்துக்குள் ஆள் நிற்கும் நேரத்தை அது குறைக்கிறது.

ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஒன்றரை டன்னுக்குக் குறையாது. கரை சரிந்தால் ஒரு நொடியில் அவ்வளவு பாரமும் மனிதன் மேல் விழும். மார்பளவு புதைந்தவர்கூட மூச்சை வெளியே விட்டபின் மீண்டும் உள்ளே இழுக்க முடியாமல் தவிப்பார். இதனால்தான் அமெரிக்காவில் 5 அடியோ அதற்கு மேலோ ஆழமுள்ள பள்ளத்தில், கரை முழுவதும் பாறையாக இருந்தாலொழிய, சரிவைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் செய்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் அடிமுதல் மேல்வரை ஒவ்வோர் அடுக்கையும் இடிக்க ஒருவர் கட்டையோடு உள்ளேயே நிற்க வேண்டியிருந்தது. கீழே இடிக்க இடிக்கக் கரையும் அதிரும். இன்று குழாயை ஒட்டிய முதல் அடுக்குகள் முடியும்வரை மட்டும், அதுவும் கரைக்கு முட்டுக் கொடுத்த பிறகு, ஆள் இறங்கினால் போதும். அதன்பின் நீண்ட இரும்புக் கை உள்ளே போய் வேலை செய்யும். மனிதன் மேலே பத்திரமாக இருப்பான். அந்தக் கை ஆடும் வட்டத்துக்குள் யாரும் நிற்கக் கூடாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

மட்டம் பார்த்தல்

பள்ளம் நிறைந்ததும் மட்டப்படுத்தும் வேலை தொடங்குகிறது. லோடரின் பக்கெட்டைத் தரையில் படிய வைத்து, கைகளைத் தளர விட்டு, வண்டியைப் பின்னோக்கி எடுத்தால், பக்கெட்டின் விளிம்பு மேட்டை இழுத்துப் பள்ளத்தில் நிரப்பும். நீளமான தெருவானால், சமன் செய்யும் தகடுகள் பொருத்திய தனிக் கருவியை மாட்டிக்கொள்வார்கள். அதன் மேல் சரளைக் கலவை இட்டு அழுத்திய பிறகு, அகலமான அதிரும் உருளை வரலாம். கீழே எல்லா அடுக்குகளும் இறுகிவிட்டதால் இப்போது அது செய்யும் வேலை வீணாவதில்லை.

வேலை சரியாக நடந்ததா என்று கண்டுபிடிப்பதும் கடினமல்ல. அழுத்திய அடுக்கில் சிறு குழி பறித்து, எடுத்த மண்ணை நிறுத்து, ஈரத்தைக் கழித்துக்கொள்வார்கள். பிறகு அந்தக் குழியை எடை தெரிந்த மணலால் நிரப்பினால், குழியின் கொள்ளளவு தெரிந்துவிடும். எடையைக் கொள்ளளவால் வகுத்தால் அடர்த்தி. பிராக்டர் முறையில் கண்ட உச்சத்தோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் ஒவ்வோர் அடுக்கிலும் சோதித்தால்தான் பலன். எல்லாம் மூடிய பிறகு மேலே ஒரு குழி பறித்துப் பார்ப்பது, தோலை மட்டும் பார்த்துப் பலாப்பழம் வாங்குவது போன்றது.

கண்ணுக்குத் தெரியாத வேலை

இங்கேதான் சங்கடம் இருக்கிறது. ஆறு அடுக்காக அழுத்தி மூடிய பள்ளமும், ஒரே தள்ளில் மூடிய பள்ளமும் மூடிய அன்று மாலை பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முன்னதற்கு ஒரு நாள் முழுவதும் பிடித்திருக்கும். பின்னது ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். யந்திரத்துக்கு மணிக் கணக்கில் வாடகை. எந்தப் பக்கம் மனம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமோ? பத்து ஆட்களின் வேலையை ஒரு மணியில் செய்யும் லோடர், பத்து ஆட்களின் தவற்றையும் ஒரு மணியில் செய்து முடித்துவிடக் கூடியது.

ஆகவே தெருவில் பள்ளம் மூடுகிறார்கள் என்றால் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது சரியல்ல. வாசலுக்கு வந்து, மண் அடுக்கு அடுக்காக விழுகிறதா, ஒவ்வோர் அடுக்குக்கும் கருவி உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கலாம். "அண்ணே, அடியிலே அழுத்தியாச்சா?" என்று ஆபரேட்டரைக் கேட்கலாம். யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் வேலை நிச்சயம் மேலும் ஒழுங்காக நடக்கும். நல்ல ஆபரேட்டரானால் நின்று விளக்கம் சொல்லவே விரும்புவார். அவருடைய சாமர்த்தியம் முழுவதும் மண்ணுக்கு அடியில் அல்லவா மறைந்துபோகிறது!

அந்தச் சாமர்த்தியத்துக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்த மறுநாள், அந்த இடத்தில் பள்ளம் இருந்ததே நினைவில்லாமல் ஒரு பள்ளிச் சிறுவன் சைக்கிளில் அதன் மேல் மணியடித்துக்கொண்டு போவான். அதுதான் அவருக்குக் கிடைக்கும் நற்சாட்சிப் பத்திரம்.